கணக்கில் வராத நீராவி

"உள்ளே போன வெப்பமும் வெளியே வந்த வெப்பமும் ஒத்துப் போகலையே! மிச்ச நீராவியை எந்தப் பேய் குடிச்சது?"

மூன்றாவது முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்த இன்ஜினியர் கத்தினார். பாய்லர் ஆபரேட்டர் தலைகுனிந்து நின்றார்.

"யாருக்கோ திருட்டுத்தனமா லைன் இழுத்துக் கொடுத்திருக்கீங்க, அப்படித்தானே?"

"ஆமா சார், ரெண்டு வருஷமாச்சு. யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"அவ்வளவு தைரியமா?" சஸ்பெண்ட் ஆர்டரில் ஆபரேட்டரின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்ட ஆபரேட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க குவார்ட்டர்ஸ் குளியலறைக்குத்தான் சார். குழந்தை பிறந்தப்போ வெந்நீருக்குக் கஷ்டமா இருக்குன்னு உங்க வீட்டம்மா கேட்டாங்க. நீங்க கேட்டா ஹீட்டர்னு சொல்லிக்கிறேன்னாங்க."

அன்று காலையும் ஆசை தீரக் குளித்துவிட்டு வந்த இன்ஜினியருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆபரேட்டரின் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"அதைக் கொடுங்க... பேரைத் தப்பா எழுதிட்டேன்."