ப்ராக்ஸி வழியாக வந்த ஒரே செய்தி

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: மேசைக் கணினியில் ப்ராக்ஸி போட வந்த ஜாபர், அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற லில்லி புஷ்பம், கட்டிலில் அவள் கணவர் கிளமெண்ட். அவர்கள் மகள் ஷைனி ஓஸ்லோவில் இருந்தாள். தினமும் செய்தி அனுப்பினாள்.

இப்போதெல்லாம் ஆள் எழுதாவிட்டால் செயலியே அவரைப்போல எழுதிவிடும். மகள் தன் கையால் எழுதியதை மட்டும் படிக்க வேண்டும் என்று லில்லிக்கு ஆசை. செயலி நிறுவனத்தின் சர்வரைச் சுற்றிக்கொண்டு போக ப்ராக்ஸி என்ற இந்தத் திருட்டு வழிதான் இருந்தது.

“வெட்டி வேலை. நம்ம புள்ள பேச்சு எனக்குத் தெரியாதாட்டி?” என்றார் கிளமெண்ட்.

ஜாபர் முகவரியையும் போர்ட் எண்ணையும் தட்டிச் சேமித்தான். திரையில் இருந்த நூற்றுக்கணக்கான செய்திகள் மறைந்தன. ஒன்றுதான் மிஞ்சியது. பதினான்கு மாதப் பழசு.

“அம்மா, நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. நீயே ஒரு வார்த்தை பேசும்மா.”

“அந்த வாரம் இவரு தங்கச்சி மக கல்யாணம்,” என்றாள் லில்லி. “பதில் சொல்லுற வேலைய செயலிகிட்ட விட்டிருந்தேன்.”

கிளமெண்ட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லியா, தம்பி?”

ஜாபர் இன்னொரு முறை தேடினான். “இல்லக்கா.”

“சரி. பழையபடி ஆக்கிரு.”

ப்ராக்ஸியை அணைத்தான். செய்திகள் எல்லாம் திரும்பின. கூடவே புதிதாக ஒன்று: “சாப்டியாம்மா?”

லில்லி குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: “சாப்ட்டேன் தாயி.”

ஜாபர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவன் செருப்பை மாட்டுவதற்குள் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவியும் திரும்பியது.