இன்னொரு ரோடு

1991-இன் ஒரு பிற்பகல். காப்பார் பொதுமண்டபத்தின் தகரக் கூரையிலிருந்து வெக்கை இறங்குகிறது. மேசைமேல் விரித்த வரைபடத்தின் மூலைகளைத் தேநீர்க் கோப்பைகள் அழுத்திப் பிடித்திருக்கின்றன. கம்பம் எனப்படும் இந்தக் கிராமத்தின் ஓரத்தில் வரப்போகும் ரசாயனக் கிடங்கைப் பற்றி ஆராய்ந்து சொல்ல, தலைநகரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருக்கிறார் பல்கலைக்கழக ஆய்வாளர் புனிதவதி. வளர்ச்சியின் ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் பல ஆண்டுகளாக அவருடைய ஆய்வு. கிடங்கின் மேலாளர் யோகநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். “ஆபத்து குறைவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, டாக்டர். அப்புறம் ஏன் அனுமதிக் கடிதத்துல சைன் பண்ண மாட்டேங்கிறீங்க? முன்னேற்றம் வேணாமா?” மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் கம்பத்து மக்கள் புனிதவதி பக்கம் திரும்புகிறார்கள். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுகிறார். “வேணும், மிஸ்டர் யோகநாதன். இந்தக் கம்பத்து ஜனங்களுக்கு வேலையும் வேணும். ஆனா தீப்பிடிச்சா ஓடுறதுக்கு ஒரே ரோடுதான் இருக்கு, அதுவும் உங்க கேட் வரப்போற இடத்து முன்னாலதான் போகுது. இன்னொரு ரோடு போடுங்க, சைன் பண்றேன்.” யோகநாதன் வரைபடத்தின் மேல் குனிகிறார். பிறகு பேனாவைத் திறக்கிறார். “எந்தப் பக்கமா போடலாம்?” கடைசி வரிசையில் கம்பத்துக்காரி முத்து பீவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறார். “செம்பனைத் தோட்டத்துப் பக்கமா போடுங்க, அண்ணே. எங்க வீட்டு வேலி குறுக்க நிக்கும். அதை நானே எடுத்துடுறேன் லா.” புனிதவதி நகர்ந்து, வரைபடத்தின் முன்னால் முத்து பீவிக்கு இடம் விடுகிறார்.