தாயார் பெயர்

"அந்தப் பேர அடிச்சிடுங்க சார்."

காந்திமதி சொன்னதும் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் ராஜாராமன் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் நின்ற இருவருக்கும் முப்பதுக்குள்தான் வயது. புருஷன் மாரி, பம்மலில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. அவள் இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை.

"எந்தப் பேரம்மா?"

"பாரத்துல தாயார் பேருன்னு போட்ட எடத்துல இவரு காந்திமதின்னு எழுதிக்கீறாரே, அத."

"காந்திமதிங்கிறது யாரு?"

"நாந்தான் சார்."

ராஜாராமன் பேனாவை மூடினார். பிறப்பைப் பதிய வருகிறவர்கள் தேதியை மாற்றச் சொல்வார்கள், இனிஷியலை மாற்றச் சொல்வார்கள். தன் பெயரே வேண்டாம் என்ற அம்மாவை அவர் பார்த்ததில்லை.

"ஏன், உன் பேரு உனக்குப் பிடிக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நீங்க பதிஞ்சுக்கோங்க" என்று மாரி குறுக்கே புகுந்தான். அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். "வூட்லயே பேசினோமில்ல? இங்க வந்து ஏன் பேஜார் பண்றே?"

"வூட்ல நீதான் பேசினே. நான் சரின்னு சொல்லல."

பின்னால் வீட்டு வரி கட்ட நின்றிருந்த கங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"பொட்டப் புள்ள பொறந்துடுச்சில்ல, அதான். பேரு வேணாமாம். இவளெல்லாம் ஒரு அம்மா!"

காந்திமதி காதில் விழுந்தது. திரும்பவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ராஜாராமன் மருத்துவச்சி கொடுத்த சீட்டை எடுத்துப் படித்தார். 'மாரி சம்சாரத்துக்கு 88 ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது.' கீழே கைநாட்டு.

"ஏம்மா, பொறந்து பத்து மாசம் கழிச்சு வந்திருக்கீங்க. ஒரு வருஷம் தாண்டினா கோர்ட்டுக்கு அலையணும். இப்ப வந்தும் தகராறா? இந்தக் குழந்தை இவர் சம்சாரம் பெத்ததா, இல்லையா?"

"ஆமா சார்."

"நீ இவர் சம்சாரமா, இல்லையா?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன?"

அவள் ஒரு நிமிஷம் மாரியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் பெக்கல சார்."

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. ராஜாராமன் எழுந்தேவிட்டார்.

"யோவ், யார் குழந்தைய்யா இது? எங்கேருந்து தூக்கிட்டு வந்தீங்க? போலீஸுக்குச் சொல்லவா?"

"என் கொயந்த சார்!" மாரி பதறினான். "மொத சம்சாரம் செல்லம்மா. பெத்த எட்டாம் நாளே ஜொரத்துல பூட்டா. அப்ப இருந்த நெலமைல இங்க வந்து எழுதணும்னே தோணல. போன தையிலதான் இத கட்டிக்கினேன்."

"நாளைக்கு ஸ்கூல்ல தாயில்லாப் புள்ளன்னு எவனும் சொல்லக் கூடாது சார். இது பேரையே போட்டுட்டா ஒருத்தருக்கும் தெரியாம பூடும். நல்லதுக்குத்தான் எழுதினேன்."

ராஜாராமன் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டிருந்தது.

"நல்லதுக்கா இருந்தாலும் பொய் எழுதக் கூடாதுப்பா" என்று வேறு படிவத்தை நீட்டினார்.

மாரி ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே வந்தான். தாயார் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"எழுதுய்யா" என்றாள் காந்திமதி மெதுவாக.

செல்லம்மா என்று எழுதினான். எழுதிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

கங்கம்மா தன் வரி நோட்டீஸை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

ராஜாராமன் படிவத்தைச் சரிபார்த்து முத்திரை குத்தினார். கொடுக்கும்போது அவருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவங்கள நீ பாத்திருக்கியாம்மா?"

"இல்ல சார். ஒரு போட்டோகூட கெடையாது."

"வளக்கிறது நீ. சர்டிபிகேட்ல நம்ம பேரு இல்லையேன்னு பின்னால வருத்தமா இருக்காது?"

குழந்தை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அதைப் பதமாக விடுவித்தபடி காந்திமதி சொன்னாள்:

"எனக்கு இன்னா சார் வருத்தம்? நெதம் நூறு தபா அம்மான்னு என்னத்தான் கூப்புடப் போவுது. அவங்களுக்கு இந்த ஒரு எடந்தான் கீது."