கட்டி மேல் ஒட்டிய கத்தரி விதை

ஆவுடையப்பன் விடிந்ததும் விழுங்கிய மாத்திரை வடிவிலான இரண்டு குட்டி இயந்திரங்களும் பத்து மணிக்கெல்லாம் அவர் பெருங்குடலில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்துவிட்டன. அதை எடுக்கப்போவது யார் என்ற சண்டையும் தொடங்கிவிட்டது. முடிவு சொல்ல வேண்டியது நோயாளி என்பதால், சண்டை முழுவதும் கூடத்து டிவியில் சத்தமாகக் கேட்டது.

"கம்பி வளையம் போட்டுத் துண்டு துண்டா அறுத்து எடுத்துருவேன். இருபதே நிமிஷம் சார்" என்றது முதல் மாத்திரை.

"அறுத்தா துளி மிஞ்சும், திரும்ப வளரும். நான் அடியோட உரிச்சு முழுசா எடுப்பேன். ரெண்டு மணி நேரம் மயக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்றது இரண்டாவது.

மயக்கம் என்றாலே ஆவுடையப்பனுக்கு உதறல். "இருபது நிமிஷமே போதும்" என்றார்.

"சரி சார். கட்டி மேல கத்தரி விதையும் எள்ளும் ஒட்டியிருக்கு. முதல்ல அதைத் துடைச்சுக்கிறேன்."

"ஆமா, நேத்து மத்தியானம் சாப்பிட்டது" என்றது இரண்டாவது. காலையிலிருந்து இரண்டும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பரிசோதனைக்குக் குடல் சுத்தமாக இருக்க வேண்டுமென்று இரண்டு நாளாக அவருக்கு வெறும் கஞ்சி மட்டுமே கொடுத்துவந்த மனைவி கோமதி, நிதானமாக டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"கத்தரிக்காய்ல எள்ளைத் தூவுறது உங்க அக்கா ஒருத்திதான். அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுனியளே?"

ஆவுடையப்பன் அவசரமாக டிவி பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ரெண்டு மணி நேர மயக்கத்தை இப்பவே ஆரம்பிச்சிரலாமா?"