பிங்க் ரிப்பன் கட்டிய முளைகள்

ஆறு மாதமாக ஓக்கி கோகரின் வீட்டு ஊற்றில் ஆரஞ்சு நிறத் தண்ணீர். மாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. மேற்கு வர்ஜீனியாவில் நான்கு தலைமுறையாக மாடு வளர்க்கும் குடும்பம். ஊற்று போனால் பண்ணையும் போச்சு. பக்கத்துச் சுரங்கத்திலிருந்து கசியும் தண்ணீர்தான் காரணம் என்றார் ஓக்கி.

"முகட்டுக்கு அந்தப் பக்கம் எங்க சுரங்கம், இந்தப் பக்கம் உங்க ஊத்து. தண்ணி மலை ஏறுமா பெரியவரே?" என்று சிரித்தார் நிலக்கரிக் கம்பெனி மேனேஜர் பிராட்ஷா. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை; பளபளக்கும் பூட்ஸைப் பார்த்தாலே தெரியும்.

அரசாங்கம் நிலத்தடி நீர் நிபுணர் ஆர்வெல்லாவை அனுப்பியது. மூன்று சோதனைக் கிணறுகளுக்கு அவள் இடம் குறிக்க வேண்டும். கம்பெனியும் கையெழுத்துப் போட்டால்தான் கிணறு துளைக்கும் போர் லாரி வரும். இல்லையென்றால் வக்கீல்கள் இரண்டு வருடம் இழுப்பார்கள்.

திங்கட்கிழமை, சுரங்கப் பக்கத்துச் சரிவின் அடியில், ஓடைக்கரையில், பிங்க் ரிப்பன் கட்டி மூன்று முளைகளை அடித்தாள்.

"இந்த இடம்தான் சார் முக்கியம். ஒரு அடிகூட நகரக் கூடாது" என்று பிராட்ஷாவிடம் மூன்று தடவை சொன்னாள்.

புதன்கிழமை பட்டப்பகலில், ஓக்கி மூச்சிரைக்க அவளுடைய ஜீப்பிடம் ஓடி வந்தார்.

"ஏம்மா, அந்த மேனேஜரு உன் மூணு முளையையும் பிடுங்கி முகட்டு உச்சியில நட்டுட்டான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"அப்படியா?" என்று காபியை உறிஞ்சினாள் ஆர்வெல்லா.

"என்ன அப்படியா? உச்சியில போட்டா நல்ல தண்ணிதான் வரும். 'பாருங்க, எங்க தண்ணி இந்தப் பக்கம் வரலை'ன்னு என் வாயை அடைச்சிருவான். சர்க்கார் முளையைப் பிடுங்கினா ஜெயிலு தெரியுமா? வா, ஷெரிப்கிட்ட போவோம்!"

அதற்குள் பிராட்ஷாவே வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி நிறையச் சூடான பெப்பரோனி ரோல், உள்ளே கறி வைத்துச் சுட்ட பன்.

"ஓடைக்கரை ஒரே சேறு மேடம், லாரி சிக்கிக்கும். உச்சியில நல்ல பாதை இருக்கு. அதான் முளையை மாத்தி வெச்சேன்."

ஆர்வெல்லா ஒரு ரோலை எடுத்துக் கடித்தாள். மேப்பை விரித்தாள். "இடத்தை மாத்தினது கம்பெனின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பிராட்ஷா சந்தோஷமாகப் போட்டார்.

ஓக்கி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "ஒத்தை ரோலுக்கு என்னை வித்துட்டியேம்மா! சீஸாவது போட்டிருந்தானா?"

வெள்ளிக்கிழமை போர் லாரி முகட்டு உச்சியில் துளைத்தது. முந்நூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. அசல் ஆரஞ்சு.

பிராட்ஷாவின் முகம் வெளுத்தது. "தண்ணி எப்படி மலை ஏறிச்சு?"

"ஏறலை சார். வெளியிலதான் ஓடைப் பக்கம் சரிவு. உள்ளே நிலக்கரிப் படுகை சாயறது பெரியவர் வீட்டுப் பக்கம். உங்க சுரங்கத்துத் தண்ணி அது வழியாத்தான் இறங்குது."

ஓக்கி ரிப்பனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது தெரிஞ்சுமா ஓடைக்கரையில முளை அடிச்சே?"

"நான் உச்சியில அடிச்சிருந்தா, சார் அதைப் பிடுங்கி ஓடைக்கரையில நட்டிருப்பாரே பெரியவரே!"