சிவப்பு மூலை

அவள் கையில் இருந்தது பென்சிலா பேனாவா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது. மற்றதெல்லாம் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. கண்ணாடிச் சுவர் வழியாக விவசாய இயந்திர விற்பனைக் கூடத்துக்குள் வெயில் விழுகிறது. என் பக்கத்து நாற்காலியில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும். இதே கம்பெனியில் வாங்கிய அவர்களுடைய அறுவடை இயந்திரம் ஆறு வருடமாகக் குறித்துவைத்த விளைச்சல், டை கட்டிய விற்பனை அதிகாரியின் திரையில் வயல் வரைபடமாக, விளைந்த இடம் பச்சையும் விளையாத இடம் சிவப்புமாக மின்னுகிறது. நாளை விதைப்பு. எங்கே நெருக்கி, எங்கே தள்ளி விதைப்பது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. "அந்த ஃபைலைக் குடுங்க தம்பி," என்று கேட்கிறார் கணவர். "குடுத்தாலும் எங்க சாஃப்ட்வேர்லதாங்க திறக்கும். எங்க விதைப்பு மெஷினையும் வாங்கிடுங்க. அந்த வடக்கு மூலை விளையவே மாட்டேங்குதே!" "எங்க நிலம் உனக்குத் தெரியலாம், எங்களுக்குத் தெரியக் கூடாதா?" என்கிறார் கணவர். அதிகாரி பல்லால் மட்டும் சிரிக்கிறான். மனைவி விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டு வயலை வரைகிறாள், வேண்டுமென்றே தப்பாக. அவனுக்குப் பொறுக்கவில்லை. "அங்க இல்லம்மா, சிவப்பு இன்னும் இடது பக்கம்." "அடேயப்பா, உங்களுக்குத்தான் எவ்வளவு அறிவு! அப்ப கிணத்துப் பக்கம்?" அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரையைப் பார்த்துப் பார்த்து மூலைமூலையாகத் திருத்துகிறான். கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்க்கிறார். அந்தத் தாளை வைத்தே அவர்கள் விதைத்தார்கள். ஃபைலை வெளியே விடாததற்காக அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஃபைல் இன்னும் பூட்டியே கிடக்கிறது.