வெட்டுப்பட்ட கொடி

"லோமாஸ்! டேய் லோமாஸ்! வெளியே வாடா!"

மாதாகோயில் விட்டு வந்துகொண்டிருந்த சனம் அப்படியே நின்றுவிட்டது.

கொழுந்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? புகுந்த வீட்டு உறவில் யார் பெயரையும் வாயால் சொல்லாத ஊர் அது. கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் மேவிஸும் சொன்னதில்லை. இன்றைக்கு நடு ஊரில் நின்று கத்துகிறாள்.

லோமாஸ் வீட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தான். வாயில் பாக்கு, இடுப்பில் காட்டுக்கத்தி.

"அந்தக் கத்தியாலதானே வெட்டினே?"

அவன் பாக்கை மென்றபடி நின்றான்.

"கேக்கறேன்ல? பாக்கைத் துப்பிட்டுப் பேசு! உங்க அண்ணன் நட்ட கொடிடா அது. அவர் செத்து ஒரு வருஷம் ஆகலை. காலைல நானே என் கண்ணால பார்த்தேன். கொடி நெஞ்சு உயரத்துல ரெண்டு துண்டாத் தொங்குது, பக்கத்துல நீ கத்தியும் கையுமா நிக்கறே!"

அது சாதாரணக் கொடி இல்லை. வெள்ளைக்காரர்கள் தங்கள் ராணி பெயரை வைத்தார்களே, ஒரு பறவை அளவுப் பட்டாம்பூச்சி, அதன் புழு அந்தக் கொடியைத்தான் தின்னும். வேறு இலையைப் போட்டால் பட்டினி கிடந்து சாகும். சுற்றிலும் எண்ணெய்ப்பனை வந்த பிறகு அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருந்த கொடி அது ஒன்றுதான்.

மேவிஸ் கடற்கரைப் பெண். மீனைத் தெரியும், புழுவைத் தெரியாது. புருஷன் காத்ததைத் தானும் காக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

"போன மாசம் பனை வைக்க இடம் குடுங்க அண்ணின்னு வந்து நின்னே. மாட்டேன்னுட்டேன். அந்த ஆத்திரம்தானே? கொடி போனா பூச்சி போகும், பூச்சி போனா காட்டைக் காக்கக் காரணமில்லைன்னு அழிச்சுடலாம். நீயெல்லாம் ஒரு தம்பியா? தூ!"

"அண்ணன் குழி மண்ணுகூட இறுகலை. அதுக்குள்ள பனை ஆசை பாரு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

கவுன்சிலர் சில்வனஸ் முன்னால் வந்தார். அவரோடு, ஒரு வாரமாக அவர் வீட்டில் தங்கியிருந்த வெளியூர்க்காரனும் வந்தான். ஊர் முழுக்க டின் மீன் கொடுத்து, "பட்டாம்பூச்சிக் கூடு எங்கேயாவது தொங்குதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தவன். பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் டின் மீனை வேண்டாம் என்று சொன்ன யோக்கியர் ஒருவரும் இல்லை.

"நீதான் வெட்டினியா?" என்று கேட்டவன் அந்த வெளியூர்க்காரன்தான்.

லோமாஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான்தான் வெட்டினேன்."

"சே!" என்றான் அவன். மத்தியான லாரியிலேயே மூட்டையைக் கட்டிவிட்டான்.

லோமாஸுக்குத் தண்டம் ஒரு பன்றி என்று முடிவானது. அவன் வீட்டில் இருந்ததே ஒன்றுதான். அதைக் கயிறு கட்டி இழுத்துவந்து அண்ணி வீட்டு வாசலில் விட்டான். மேவிஸ் அதைச் சேனைக்கிழங்கோடு சுட்டு ஊருக்கே பங்கு வைத்தாள். அவன் வீட்டுக்கு மட்டும் ஒரு துண்டுகூட அனுப்பவில்லை.

அப்படியும் ஆறவில்லை அவளுக்கு. ஒரு மாசம் அவன் எதிரே வந்தாலே காறித் துப்பினாள்.

ஒரு நாள் விடியற்காலையில் அவனே வந்து நின்றான்.

"அண்ணி, கொஞ்சம் காட்டுக்கு வாங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடறே?"

"வந்து பார்த்துட்டு, அப்புறம் என்னைக்கூட வெட்டிப் போடுங்க."

வெட்டினாலும் வெட்டலாம் என்றுதான் மேவிஸும் தன் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கொடி இருந்த இடத்துக்குப் பக்கத்து மரத்தில், ரெண்டு ஆள் உயரத்தில் ஓர் இலையைக் காட்டினான். இலைக்கு அடியில் வெடித்த கூடு. அதைப் பிடித்தபடி ஈரச் சிறகோடு தொங்கிக்கொண்டிருந்தது அது. பச்சை, நீலம், மஞ்சள் வயிறு.

மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"கொடியைத்தான் நீ வெட்டிட்டியே, இது எப்படி?"

"கொடியை அறுத்ததே இதுதான் அண்ணி. புழு வளர்ந்து முடிஞ்சதும், கூடு கட்டக் கிளம்புறதுக்கு முன்னாடி, தின்ன கொடியையே கடிச்சு அறுத்துட்டுப் போகும். அண்ணன் எனக்குக் காட்டியிருக்கார். கீழே பாருங்க, வேர்ல தளிர் வந்தாச்சு."

"அப்போ கத்தி?"

"அந்த மீன் டின்காரன் கடிச்ச தடத்தைப் பார்த்தான்னா, கூடு பக்கத்துலதான்னு புரிஞ்சுக்கிட்டு மரம் மரமா ஏறியிருப்பான். அதான் அந்த இடத்தைக் கத்தியால சீவிவிட்டேன்."

"அவன் போனப்புறமாவது சொல்றதுக்கென்ன?"

"கவுன்சிலர் வீட்டுல அவன் குடுத்த மீன் இன்னும் ரெண்டு பெட்டி இருக்குதே. நாம சமாதானமாயிட்டா உடனே அவனுக்குச் சேதி பறந்திருக்காதா?"

மேவிஸ் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"பாவி! உன் பன்றியைச் சுட்டுத் தின்னேனேடா! அன்னைக்கே என் காதுல மட்டும் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அப்படி வாய் நிறையத் திட்டியிருப்பீங்களா? நீங்க திட்டினதைக் கேட்டுத்தானே அண்ணி, அவன் நம்பிட்டுப் போனான்!"